பவளத்தின் மேல் பெய்யாத மழை

இடி முதன்முதலாக எங்கள் ஊருக்குள் நடந்து வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்து, இரவு ஷிப்ட் பார்த்தவர்கள் ஜன்னலில் போர்வை கட்டித் தூங்கிக்கொண்டிருந்த நேரம். ஈயம் தோண்டியவர்கள் அப்படியே விட்டுப்போன பெரிய குட்டைப் பக்கமிருந்து அது வந்தது, ரயில்வே கேட்டில் சற்று நின்றது, பிறகு ஐந்தடி நடைபாதையில் ஏறி, மூட்டை சுமக்கிற ஆள் மாதிரி ஒவ்வொரு அடியாக ஊன்றி வைத்து, கடைகளின் கண்ணாடி அலமாரிகளையெல்லாம் கிணுகிணுக்க விட்டுக்கொண்டு, லாய் ஃபோங்கின் காப்பிக் கடைக்குள் நுழைந்தது. உருவம் என்று எதுவும் கிடையாது. ஆனால் அது நடந்த இடத்தில் சிமெண்டுத் தரை கொஞ்சம் தாழ்ந்து கொடுத்தது, உட்கார்ந்த நாற்காலி முனகியது. லாய் ஃபோங் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, மேஜையைத் துடைத்து, பால் ஊற்றாத காப்பி ஒன்றை அதன் முன்னால் வைத்தாள்.

"காலி நாற்காலிக்குக் காப்பியா? யாருக்கு அக்கா?" என்று கேட்டார் பக்கத்து மேஜையிலிருந்த துரைக்கண்ணு. லோரி ஓட்டி ஓய்ந்தவர், பகல் முழுக்க அங்கேதான் இருப்பார்.

"இடிக்கு," என்றாள் லாய் ஃபோங், மலாயும் தமிழும் கலந்த தன் பேச்சில். "உங்க பேச்சில இடி இடிக்கும். எங்க கான்டனீஸ்ல இடி நடக்கும். எங்கம்மா அப்படித்தான் சொல்லும். அவ்வளவு தூரம் நடந்து வந்தா களைச்சுப் போகாதா?"

துரைக்கண்ணு நாற்காலியைப் பார்த்தார். "சீனி போடாமக் குடுத்தியே, அதான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் ஊரான சுங்கை தீமாவில் வானம் ஒவ்வொருத்தர் பேச்சுக்கும் தக்கபடி இறங்கத் தொடங்கியது. ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் மழைமானியோடு வந்து, ஒரே தெருவில் ஒரே சமயத்தில் பெய்த நான்கு வகை மழையை அளந்து பார்த்து, குழம்பி, லாய் ஃபோங் கடையில் ரொட்டி பாக்கார் என்கிற சுட்ட ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எங்களுக்குக் காரணத்தைவிடத் துணி காயப்போடுவதுதான் பெரிய கவலையாக இருந்தது. மளிகைக் கடை வரிசையில் இருந்த ஹொக்கியன் பேசும் சீனர்கள் தங்கள் கோடைமழையை வடமேற்கு மழை என்பார்கள். அது சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வடமேற்கு மூலையிலிருந்துதான் வந்தது, ஆவேசமாய் வந்தது, ஆனால் ஒரு சாக்கடையைக்கூடத் தாண்டாமல் அந்தக் கரையிலேயே பெய்து தீர்ந்தது. ஆகையால் அவர்கள் துணியையும் காய்ந்த மிளகாயையும் எங்கள் கரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள், எங்களில் பெண்கள் அதற்குக் காவல் இருந்தார்கள். சீனப் பள்ளியில் மாண்டரின் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைகள் மேல் பெய்த மழை கோடு போட்ட தாளில் எழுதியதுபோல நேராக, ஒரே அளவாக இறங்கியது. ஒரே குடைக்குள் ஹொக்கியன் பேசும் அப்பனும் மாண்டரின் பேசும் மகனும் நடந்து போனால் அப்பன் பக்கம் சாய்ந்து அடித்தது, மகன் பக்கம் நூல் பிடித்து விழுந்தது, இருவரும் அதைப் பார்த்தபடியே நடந்தார்கள். எங்கள் தமிழ் வரிசையில் வெயிலும் மழையும் சேர்ந்து அடித்த ஒரு மாலையில், காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று நாங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லிவந்தது, ஊர்வலமாகவே வந்துவிட்டது. இந்த நாட்டில் நரி ஏது? எந்தக் கப்பலில் எவர் நாக்கில் ஏறி வந்ததோ, பட்டு வேட்டி கட்டிய நரி, கழுத்தில் மாலையோடு காக்காய், பின்னால் சொந்தபந்தம். லாய் ஃபோங் சிவப்பு உறையில் மொய் வைத்தாள். காக்காய் அதை அலகால் வாங்கிக்கொண்டது.

சைக்கிள் கடை ஆ கியோங் ஹக்கா பேசும் சீனன். ரப்பர் தோட்டத்தில் எங்கள் ஆட்களோடு பிறந்து வளர்ந்தவன், எங்களைவிட நல்ல தமிழ் பேசுவான், எங்களைவிட நன்றாகவே திட்டுவான். ஒரு காலை கடையைத் திறந்தபோது, அறுபது வருஷமாக வியர்வையைத் தவிர வேறெதையும் அறியாத அந்த ஊரில், அவன் சைக்கிள்களின் மணிகள் மேலெல்லாம் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. அவன் அம்மா சொல்லிக்கொண்டிருந்த ஒரு சொல்லை, எதற்கான சொல் என்று தெரியாமலே, அவள் போன பிறகும் அவன் வைத்திருந்தான். விரலால் தொட்டான். நாக்கில் வைத்தான். பிறகு கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு, அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். வெயில் ஏறி மணிகள் சொட்டி முடியும் வரைக்கும் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. மறுநாள் மழை விட்ட நேரத்தில் அவனும் துரைக்கண்ணுவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தார்கள். "அதுக்கு உங்க பேச்சில என்னடா பேரு?" "வானத்து வில்லு." "போடா, அது நாங்க சொல்றது." "நாங்களும் அதான்டா சொல்றோம்." இருவரும் பொழுது சாயும்வரை அதைப் புதிதாய்ப் பார்க்கிறவர்கள்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஆட்களின் பேச்சில் மின்னல் என்பது நெருப்புப் பாம்பு. அது ஒரு வெள்ளிக்கிழமை கோயில் கொடிமரத்தில் வழுக்கி இறங்கி, பந்து திடலின் கம்பிவேலி வழியாக நெளிந்து வந்து, ஆ கியோங்கின் கடையில் ஒரு பழைய டயருக்குள் சுருண்டு படுத்தது. சீனாவில் அதைப் பார்த்தவர்கள் கதவை அடைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் வேறு என்ன செய்வோம்? வெள்ளிக்கிழமை, பாம்பு, அதுவும் கொடிமரத்திலிருந்து இறங்கிய பாம்பு. பெண்கள் குளித்து, மஞ்சள் பூசி, கிண்ணத்தில் பாலும் முட்டையுமாக வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள்.

"அது மின்னல்! நாகம்மா இல்ல! யம்மா, கேளுங்கம்மா!" என்று கத்தினான் ஆ கியோங்.

"நீ சும்மா இரு தம்பி, வந்தவளை வாசல்ல வச்சுப் பேசாதே."

வைத்த முட்டைகள் அதன் பக்கத்திலேயே வெந்தன. "மிளகுத்தூள் கொண்டாங்கடா," என்றார் துரைக்கண்ணு. ஆனால் பாம்பு தலையைத் தூக்கி, பாலைக் குடித்தது. எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் யாரும் அதற்கு எதையும் தந்ததில்லை போலும், ருசி கண்டுவிட்டது. அதற்கப்புறம் வானத்துக்குத் திரும்பிப் போவதே அபூர்வமாகி, பால் நேரத்துக்குச் சரியாகக் கடை வாசலில் வந்து காத்திருந்தது.

அந்தப் பாலைக் கொண்டுபோனவள் பவளம். துரைக்கண்ணுவின் மனைவி, குட்டைக் கரையில் மாடு வைத்திருப்பவள். முகத்தைப் பார்த்தால் சீனப் பெண். வாயைத் திறந்தால் எங்கள் தெருவில் அவளைப்போலத் தமிழில் சண்டைபோட ஆள் கிடையாது. வளர்த்தவர்கள் பால்காரர் மாசிலாமணியும் தாயம்மாளும். அந்தக் காலத்தில் வறுமையாலோ, பிறந்த நேரம் சரியில்லை என்றோ, பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களில் கொடுத்துவிட்டுப் போன சீனத் தாய்மார்கள் உண்டு. ஒரு விடியற்காலை பஸ் நிலையத்தில், துண்டில் சுற்றிய குழந்தையை ஒருத்தி தாயம்மாள் கையில் வைத்தாள். எதுவும் பேசவில்லை, எதுவும் வாங்கவில்லை. எந்த ஊர், எந்தப் பேச்சு, யாருக்கும் தெரியாது. தாயம்மாள் சாகும்வரை சொன்னது ஒன்றைத்தான்: "போனா. நின்னு திரும்பிப் பார்த்தா. ரெண்டு எட்டு திரும்பி வந்து உன் மூஞ்சியப் பார்த்தா. அப்புறந்தான் பஸ் ஏறினா."

ஒரு நாள் நான்கு மழையும் ஒன்றாய்க் கொட்டிக்கொண்டிருக்கையில், பவளம் பால் தூக்கோடு வீடு திரும்பினாள்.

"ஏன்டி, குடை எங்கே?" என்றார் துரைக்கண்ணு.

"எடுத்துட்டுப் போகலையே."

"அப்ப எப்படிடி நனையாம வந்தே?"

அவள் தலையைத் தொட்டுப் பார்த்தாள். முந்தானையைப் பிழிந்து பார்த்தாள். எல்லாம் வெயிலில் உலர்த்தி எடுத்ததுபோல இருந்தது. துரைக்கண்ணுவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. "நல்லதாப் போச்சு. இனிமே மழை வந்தா கொடியில இருந்து துணி எடுக்கிற வேலை உன்னோடது," என்றார். பிறகு தெருவும் கவனித்தது. தூறல் அவள் வரும்போது இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. தாழ்வாரத்தில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர், அவள் கடக்கும்வரை ஓட்டு விளிம்பிலேயே தொங்கிக்கொண்டு நின்றது.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. அவரவர் முறையில் உதவிக்கு வந்தது. லாய் ஃபோங் அவளைத் தன் கடைக்குள் உட்காரவைத்து, "எங்காளா இருந்தா இடி உன் பக்கத்தில வந்து உட்காரும்," என்றாள். இடி அவள் நாற்காலியைச் சுற்றி நடந்தது, நின்றது, பெருமூச்சு விட்டதுபோல மேஜையை அதிரவைத்துவிட்டு வெளியே போயிற்று. ஹொக்கியன்காரர்கள் சாக்கடையின் ஈரக் கரையில் நாற்காலி போட்டார்கள். நாற்காலி நனைந்தது, அவள் நனையவில்லை. நெருப்புப் பாம்பு அவள் கையிலிருந்தே பால் குடித்தது, ஆனால் அவள் விரல் மயிர்கூடச் சிலிர்க்கவில்லை. ஆ கியோங் தலையைச் சொறிந்தபடி, "தங்கச்சி, நீ எங்க ஆளா இருப்பேன்னுதான் நான் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்," என்றான், கொஞ்சம் வருத்தத்தோடு. கடைசியில் துரைக்கண்ணு அவளைத் தமிழ் வரிசையின் நடுத்தெருவில், சோவென்று கொட்டுகிற எங்கள் மழையில், ஊரே பார்க்கத் தோளோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் கை, அவளைத் தொட்ட இடம் வரைக்கும் நனைந்தது. அதற்கப்பால் காய்ந்திருந்தது.

"என்னைப் பெத்தவ என்ன பேச்சு பேசினான்னு தெரியல, சரி," என்றாள் பவளம் அன்றைக்கு. "ஆனா தாயம்மா பேச்சு எனக்குத் தெரியுமே. அது பத்தாதாங்க, இந்த மழைக்கு?"

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிறவர், அன்று அவளை இன்னும் இறுக்கி அணைத்தபடி வீட்டுக்கு நடந்தார்.

ஆடி பிறந்தது. மாரியம்மன் திருவிழாவில் குட்டைக் கரையில் கரகம் ஜோடித்து, தலையில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவருவது தாயம்மாளின் உரிமையாக இருந்தது. அவளுக்குப் பிறகு பவளத்தினுடையது. அவள் தூக்கினால் கரகம் கைபடாமல் நிற்கும். வருஷம் முழுக்க மாட்டுச் சாணியிலும் பால் கணக்கிலும் கழிகிறவள், அந்த ஒரு நாள் நடந்து வரும்போது பெரியவர்களெல்லாம் அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கோயில் தலைவர் சாம்பசிவம் திருவிழாவுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தங்கச்சி, நான் இனம் பார்க்கிற ஆள் இல்ல, உனக்கே தெரியும். ஆனா மாரின்னா என்ன? மழை. மழையே தொடாத தலையில மாரியை எப்படி ஏத்துறது? ஊரு கேக்குது."

"ஊரு கேக்குதா, நீங்க கேக்குறீங்களா தலைவரே?" என்றார் துரைக்கண்ணு.

சாம்பசிவம் பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டு பேருந்தான்யா," என்றார். "திருவிழாவுக்குள்ள ஒரு சொட்டு விழட்டும். போதும். இல்லாட்டி அமிர்தவல்லி தூக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க, எந்த மூலையில் இருட்டிக்கொண்டு வந்தாலும் பவளம் மாட்டுக் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு அங்கே போய் நின்றாள். சீனர் தெருக்களில் அவள் அண்ணாந்து நிற்பதைப் பார்த்தவர்கள், பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தி, அவரவர் பேச்சில் அவரவர் சாமியிடம் அவளுக்காக ஒரு வார்த்தை சொன்னார்கள். ஊரெல்லாம் நனைந்தது. அவள் காய்ந்தே வீடு திரும்பினாள்.

திருவிழாக் காலையில் மொத்த ஊரும் குட்டைக் கரைக்கு வந்திருந்தது. இடியும் வந்து மேளக்காரர்களின் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டதால் வண்டிச் சக்கரம் மண்ணில் புதைந்தது. நெருப்புப் பாம்பு ஒரு வேப்பமரத்தில் சுற்றிக்கொண்டு இலைகளைப் பொன்னாக்கியது. கரகத்தை விட்டுக்கொடுக்கிறவள், ஏற்கிறவளின் தலையில் முதல் குடம் தண்ணீரைத் தன் கையால் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பவளம் பித்தளைக் குடத்தைக் குட்டையில் முக்கி எடுத்தாள். அமிர்தவல்லி கும்பிட்டபடி நின்றாள்; பள்ளி பஸ் ஓட்டுகிறவரின் மனைவி, பயந்த சுபாவம், கழுத்தை ஏற்கனவே விறைத்து வைத்திருந்தாள்.

"அக்கா, என்மேல கோபமில்லையே?"

"உன்மேல என்னடி கோபம். கழுத்தை விறைப்பா வைக்காதே. தாயி தானா நிப்பா," என்று சொல்லி, தண்ணீரை ஊற்றி, கரகத்தை ஏற்றிவைத்தாள். குடத்திலிருந்து தெறித்த தண்ணீர்கூட அவள் புடவையில் படவில்லை. பிறகு, ஏந்த எதுவுமில்லாத இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி ரயில்வே கேட்டுப் பக்கமாக நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. உறுமி தொடங்கிவிட்டது.

கொஞ்ச தூரம் போனவள் நின்றாள். திரும்பிக் கரகத்தைப் பார்த்தாள். போகத் திரும்பியவள், முடியாமல், இரண்டு எட்டு எங்களை நோக்கி நடந்து வந்து, இன்னொரு தரம் பார்த்தாள். பிறகுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது மழை வந்தது.

மேகம் கூடவில்லை, காற்று மாறவில்லை. முதலில் ஒரு மணம் வந்தது; மண் மணமில்லை, எங்கேயோ ஒரு மலைச்சரிவில் நனைந்த வைக்கோலின் மணம்போல, எங்களில் எவர் மூக்கும் அறியாத மணம். பிறகு துளிகள், பெரிதாக, அவசரமில்லாமல், சத்தமே இல்லாமல் இறங்கி வந்து, முழங்கால் உயரத்தில், தரையைத் தொடப்போகும் நேரத்தில் நின்றன. நின்று, மறுபடி மேலே ஏறி, அவரவர் முகத்துக்கு நேராக வந்து, ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதன் பிறகே விழுந்தன. உறுமி நின்றது. குட்டைக் கரை முழுக்க, எங்கள் தலைகளுக்கிடையில், எங்கள் பிள்ளைகளின் கண்களுக்கு முன்னால், ஆயிரமாயிரம் துளிகள் விழ மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டையும் கரகமும் மனிதர்களும் தலைகீழாய்த் தெரிந்தார்கள். வண்டியிலிருந்த இடி எழுந்து நின்றதை மண்ணின் அதிர்வில் உணர்ந்தோம். பாம்பு மரத்திலிருந்து இறங்கித் தலையைத் தரையில் வைத்தது. சாம்பசிவத்தின் முகத்துக்கு நேரே நின்ற துளி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார்.

முதல் துளி பவளத்தின் வகிட்டில் விழுந்தது. குங்குமம் கரைந்து நெற்றியில் வழிந்தது. அவள் கையை நீட்டினாள், கை நனைந்தது. முகத்தைத் தூக்கினாள், முகம் நனைந்தது. புடவை உடம்போடு ஒட்டியது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்குக் காத்திருந்தோம்.

"ஏங்க," என்றாள் அவள், கணவரைத் தேடி, "கொடியில துணி கிடக்குங்க!"

துரைக்கண்ணு சிரிக்கத் தொடங்கி, அழுகையில் முடித்தார்.

"யாரோட மழை இது?" என்று மெதுவாகக் கேட்டார் சாம்பசிவம். லாய் ஃபோங் தலையாட்டினாள், எங்களுதில்லை. ஹொக்கியன்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆ கியோங் உள்ளங்கையில் ஒரு துளியை நிற்கவிட்டு உற்றுப் பார்த்தான். "எங்களுதும் இல்ல. இதை எந்தப் பேச்சில என்ன சொன்னாங்களோ, சொல்ல ஆளில்லாமப் போயிருக்கும். மழை மட்டும் மிச்சமா நின்னிருக்கு, பாவம்," என்றான். ஆனால் யாருடையதென்று தெரியாத அந்த மழைதான் அன்று எல்லோர் மேலும் ஒன்றாகப் பெய்தது. அப்பனும் மகனும் ஒரே மாதிரி நனைந்தார்கள், சாக்கடையின் இரண்டு கரையும் ஒரே மாதிரி நனைந்தன.

"அக்கா, கழுத்து வலிக்குது, வந்து வாங்கிக்கோங்களேன்," என்று கத்தினாள் அமிர்தவல்லி. சாம்பசிவம் தன் கையாலேயே கரகத்தை இறக்கி, பவளத்தின் ஈரத் தலையில் வைத்தார். அது ஆடாமல் நின்றது. அவள் நடந்தாள். இடி பின்னால் அடக்கமாக நடந்து வந்தது.

இப்போது சுங்கை தீமாவில் இடி நடப்பதில்லை. பாம்பு வானத்துக்குப் போய் நாளாகிவிட்டது. வந்த அழைப்புகளுக்கெல்லாம் வந்து முடித்ததுபோல வானம் மெல்ல மெல்ல எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. பவளம் போய்ச் சேர்ந்தாள், துரைக்கண்ணு போனார். அந்த ஒரு மழை மட்டும் வருஷத்தில் எப்போதாவது வருகிறது. அது வந்தால், மழைக்கான அவரவர் சொல்லைச் சேர்த்து, ஹொக்கியன்காரர்கள் 'பவளம் ஹோ' என்கிறார்கள், கான்டனீஸ்காரர்கள் 'பவளம் யூ' என்கிறார்கள், ஹக்காக்காரர்கள் 'பவளம் யீ' என்கிறார்கள். மாண்டரின் பேசும் பிள்ளைகளுக்கும் வேறு சொல் கிடையாது. அது சீனாவிலிருந்து கப்பலில் வந்த பழைய சொல் என்று அவர்களின் சங்கத்துக் காரியதரிசி அடித்துச் சொல்கிறார். எங்கள் பிள்ளைகளும் அதைச் சீனச் சொல் என்றே நினைக்கிறார்கள். நாங்கள் திருத்துவதில்லை, அப்படி நினைப்பதிலும் தப்பொன்றுமில்லை.

ஆனால் அந்த மழை வரும்போது, கடையிலோ தெருவிலோ பள்ளி வாசலிலோ, யாரையாவது விட்டுவிட்டு நடந்துகொண்டிருக்கிற எவரும், என்ன பேச்சு பேசுகிறவரானாலும், நின்று, ரெண்டு எட்டு திரும்பி வந்து, இன்னொரு தரம் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஏனென்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் அதுதான் வழக்கம்.